பிட்டின் விலையா, மீட்டரின் விலையா?

நம் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் கண்டினியூவஸ் மைனர் முதன்முதலாக இறங்கியது 2002-இல், சிரிமிரியின் அஞ்சன் ஹில் சுரங்கத்தில். இந்த இயந்திரம் ஓடும் சுரங்கங்களில் கரி வெட்டுவது இப்போது பெரிய சிக்கல் இல்லை. வெட்டிய இடத்துக் கூரைக்கு போல்ட் அடித்து முடிப்பதில்தான் ஷிஃப்ட் கரைகிறது. அதனால் ‘துளையிடும் வேகத்தைக் கூட்டுங்கள்’ என்ற நெருக்குதல் மேலிருந்து வருகிறது.

வேகம் கேட்டால், ஆபரேட்டர் கையில் இருக்கும் சுலபமான வழி உந்துவிசையைக் கூட்டுவதுதான். பிட் கூராக இருந்து, பாறையும் தாங்கினால் பலன் உண்டு. பிட் மழுங்கியிருந்தால் அந்த விசை ராடை வளைக்கும். வளைந்த ராட் ஆடி ஆடித் துளையை அகலமாக்கும்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22 மி.மீ. போல்ட்டுக்கு 28 மி.மீ. துளை என்று வைத்துக்கொள்வோம். துளை 30 மி.மீ. ஆகிவிட்டால், போல்ட்டைச் சுற்றி ரெசின் நிரப்ப வேண்டிய இடம் ஏறத்தாழ 39 சதவீதம் கூடிவிடுகிறது. 1.8 மீட்டர் துளை முழுவதற்கும் அளந்து வைத்த ரெசின் கேப்சூல் 1.3 மீட்டரோடு தீர்ந்துவிடும். வெறுமையாக நிற்பது வாய்ப்பக்கத்து அரை மீட்டர். பாளம் பாளமாகப் பிரியும் அடிக்கூரை இருப்பதும் அங்கேதான். மேலே இருக்கும் பிடிப்பு போதுமானதாக இருப்பதால் இழுவைச் சோதனையிலும் இந்தக் குறை தெரியாமல் போகலாம்.

பிட் பக்கவாட்டில் தேய்ந்திருந்தால் சிக்கல் நேர்மாறானது. துளை குறுகி போல்ட் பாதியில் இறுகும். சுழற்றி முடிக்கும் முன்பே ரெசின் கெட்டிப்படும். அந்தத் துளையை விட்டு, பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும். துளைக்கும்போது மிச்சப்படுத்திய நிமிடங்கள் அங்கே போய்விடும்.

பிட்டின் நிலையை அறியக் கருவிகூட வேண்டாம். துளையிலிருந்து வழியும் தண்ணீரைக் கையில் ஏந்தி விரலால் தேய்த்துப் பார்த்தால் போதும். குருணையாக வந்தால் பிட் வெட்டுகிறது. மாவாக வழவழத்தால், பிட் மழுங்கியிருக்கலாம், விசை போதாமல் இருக்கலாம், அல்லது தண்ணீர் குறைந்து, வெட்டிய துகளே மறுபடி அரைபடலாம். ஒரு கன அளவு பாறையை வெளியேற்ற எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதே துளையிடலின் உரைகல் என்று ஆய்வாளர் டீல் 1965-இல் காட்டினார். பாறையை எவ்வளவுக்குப் பொடியாக்குகிறோமோ, அவ்வளவுக்கு ஆற்றல் வீண். சிலிக்காத் தூசும் கூடும்.

இத்தனையும் தெரிந்த ஓவர்மேன்கள் நம்மிடம் உண்டு. ஆனால் மழுங்கியதைக் கழற்றிவிட்டு மாட்ட, ஸ்டோரில் நல்ல பிட் இருக்க வேண்டுமே. டெண்டரில் ஒரு பிட்டின் விலை மட்டும் ஒப்பிடப்படும் வரை, மணற்கல்லில் சீக்கிரம் தேயும் மலிவான பிட்தான் முகப்புக்கு வந்து சேரும். பாதியிலே மாற்றும் நேரம், கைவிட்ட துளை, வீணான கேப்சூல் எதுவும் அந்த விலைப்பட்டியலில் ஏறுவதில்லை.

எனவே மூன்று மாற்றங்களை முன்வைக்கிறோம். பிட்டை, அது துளைக்கும் மீட்டருக்கான விலையில் ஒப்பிட்டு வாங்க வேண்டும். எந்தத் தேய்மானத்தில் மாற்றுவது என்பதைச் சுரங்கத்தின் கூரைப் பாறையை வைத்தே முன்கூட்டி வரையறுக்க வேண்டும். ஷிஃப்ட் அறிக்கையில் துளைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், சில துளைகளின் வாய் விட்டமும் உள்விட்டமும் பதிவாக வேண்டும். முதல் மாற்றம் மேலாளரின் கையெழுத்தில் இருக்கிறது. அது நடக்காமல் மற்ற இரண்டையும் முகப்பில் நிற்பவரிடம் கேட்பது நியாயமாகாது.