சம்பந்தம் மட்டும் வேண்டாம்

புதுக்கோட்டை ராஜாவையும் ஆஸ்திரேலியப் பெண்ணையும் வைத்து ஒரு தொடர்கதை எழுதக் கூடாதா என்று என்னை யாராவது கேட்காமல் ஒரு வருஷம் கழிவதில்லை. சென்ற மாதம் திருக்கோகர்ணத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். "கப்பல் இருக்கு, காதல் இருக்கு, கிரீடம் இருக்கு. இதுக்கு மேலே என்ன சார் வேணும்? ஒரு பொண்ணுக்காக ராஜ்யத்தையே விட்ட மனுஷர்!" என்றார். "நான் எழுத மாட்டேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ரசத்துக்குக் குழி வெட்டிக் கொண்டார். இலைக்கு முன்னால் வாதம் செய்வது என் வழக்கமில்லை. காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886-ல், பத்து வயதுப் பாலகனாகப் பட்டத்துக்கு வந்தவர். திவான் சேஷையா சாஸ்திரியார் ஊரைத் திருத்தி ஒப்படைக்க, 1894-ல் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. வெள்ளைக்கார ஆசிரியரிடம் படித்தவர். சீமைப் பழக்கம் பிடித்துப் போயிற்று. கப்பலேறுவதும் திரும்புவதுமாக இருந்தார். 1915-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இடத்தில் மோலி பிங்க் என்ற பெண்ணைக் கண்டார். அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது, அவளுக்கு இருபது. அந்த ஆகஸ்டு 10-ஆம் தேதி மெல்போர்னில் பதிவுத் திருமணம் நடந்தது. புதுக்கோட்டைக்கு அழைத்து வந்தார். சில மாதங்கள்தான். அவளுக்கு நஞ்சிட முயன்றார்கள் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். 1916-ல் தம்பதிகள் மறுபடி கப்பலேறினார்கள். சிட்னியில் பிள்ளை பிறந்தது. மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள்.

"ராஜ்யத்தை விட்டார்" என்பது இதற்குப் பிறகு கட்டிய கதை. அவர் விடவில்லை ஐயா! மனைவியை ராணி என்று ஒப்புக்கொள்ளுங்கள், மகனை வாரிசு என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்று பல வருஷம் மன்றாடினார். பிரிட்டிஷ் சர்க்கார் இரண்டுக்கும் மாட்டேன் என்றது. கடைசியில் ஒரு தொகை பேசி முடித்து, ராஜ்யத்தைச் சகோதரரின் நிர்வாகத்தில் விட்டுவிட்டுப் பிரான்சில் போய் உட்கார்ந்தார். இதில் துறவு எங்கே இருக்கிறது? நம் ஊரில் பாகம் பிரிப்பதைத் துறவு என்று யாரும் சொல்வதில்லை.

என் கோபம் அவர் காதலித்ததன் மேல் இல்லை. இந்தக் கதையில் நாம் யாரைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறோம், யாரைப் பார்க்காமலே விடுகிறோம் என்பதில்தான்.

புதுக்கோட்டை ராஜ்யமே ஒரு சம்பந்தத்தில் பிறந்தது. கிழவன் சேதுபதி தொண்டைமானின் சகோதரி காதலி நாச்சியாரை மணந்து, மைத்துனருக்கு இந்தச் சீமையைக் கொடுத்தார் என்பதுதான் அதன் ஆதி சரித்திரம். ராஜாக்களுக்குக் கல்யாணம் என்பது எல்லைக்கல் நடுவது மாதிரி. பிறகு வெள்ளைக்காரன் வந்தான். அவனோடு தொண்டைமான்கள் வைத்துக் கொண்டது சிநேகம். 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுக்கும் அளவுக்குச் சிநேகம். கயத்தாற்றில் தூக்குக் கயிறு இறங்கியது. சில வருஷம் கழித்துத் தொண்டைமானுக்குக் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த பூமியும் கிடைத்தன. அதற்குக் கப்பம் வருஷத்துக்கு ஒரு யானை. அந்த யானையையும் கும்பெனி கேட்டு வாங்கவில்லை. பிறகு வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. எவ்வளவு பெருந்தன்மை!

கட்டபொம்மனை வாங்கிக் கொண்ட கை, நூற்றுப் பதினாறு வருஷம் கழித்து ஒரு மருமகனை வாங்க மறுத்தது. அதுவும் யார் வீட்டு மருமகன்? மோலி இங்கிலாந்து ராஜாவின் பெண்ணல்ல, மெல்போர்ன்காரி. ஆனாலும் வெள்ளைத் தோல். சிநேகிதனாக இரு, விருந்துக்கு வா, நட்சத்திரப் பதக்கம் குத்திக் கொள், தர்பாரில் வரிசையில் நில். சம்பந்தம் மட்டும் பேசாதே. இதுதான் அந்தச் சிநேகத்தின் ஷரத்து. வெளிநாட்டோடு உறவு பேச அனுமதியில்லாத ராஜா கப்பலேறினால் அது ராஜப் பயணமா? பணக்கார மிராசுதார் ஊர் சுற்றுகிற மாதிரிதான். என்ன, இந்த மிராசில் 1901 கணக்குப்படி மூன்று லட்சத்து எண்பதினாயிரம் ஜனங்கள் இருந்தார்கள்.

அந்த ஜனங்களின் பூமி வானம் பார்த்த பூமி. கண்மாய் நிரம்பினால் நெல். இல்லாவிட்டால் வரகும் பெருமூச்சும். நவராத்திரிக்கு அரிசியோடு ஆளுக்கு நாலு அம்மன் காசு கிடைத்தால் அதுவே ராஜ தரிசனம். கப்பல் சீட்டுக்கும் பந்தயக் குதிரைக்கும் பணம் எந்தக் கண்மாயிலிருந்து போயிற்று என்று காதல் கதைக்காரர்கள் ஒரு அத்தியாயம் எழுதுவார்களா? அவர் காலத்தில்தான், 1910-ல், திருக்கோகர்ணத்து மியூசியம் ஏற்பட்டது. அந்த நன்மையை நான் மறைக்கவில்லை. இன்னொரு கட்சி "வெள்ளைக்காரி வந்து கெடுத்தாள்" என்கிறது. அது அதைவிடக் கேவலம். ராஜா கப்பலேறத் துவங்கியபோது அவள் பள்ளிக்கூடக் குழந்தை.

உண்மையான ராஜ உறவுகள்தான் என்ன கிழித்தன? ஜெர்மன் கைசர் வில்லியம் நம் முறைப்படி ஐந்தாம் ஜார்ஜுக்கு அத்தை மகன். ருஷ்ய ஜார் நிக்கோலஸ் சித்தி மகன், அதாவது தம்பி. 1913 மே மாதம் கைசர் வீட்டுக் கல்யாணத்துக்கு இருவரும் பெர்லின் போனார்கள். ஒரே குடும்பம், ஒரே பந்தி. அடுத்த வருஷம் யுத்தம். அந்தச் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு அத்தை மகனின் எம்டன் கப்பல் மாமன் மகனின் சென்னைப் பட்டணத்தில் குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நமக்கு அதில் மிச்சம் 'எம்டன்' என்ற வசவு ஒன்றுதான். 1917-ல் பதவி போன தம்பி புகலிடம் வேண்டி நின்றபோது அண்ணன் கதவைச் சாத்திவிட்டார். தம்பி குடும்பத்தோடு சுடப்பட்டார். ஜெர்மன் வாடை அடிக்கிறதென்று அண்ணன் தம் வம்சப் பெயரையே விண்ட்ஸர் என்று மாற்றிக் கொண்டார். இந்த வீட்டு வாசலில் நின்றுதான் நம் தொண்டைமான், என் பெண்டாட்டியை ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டார். எனக்கு அவர் மேல் இரக்கம் உண்டு. ஆனால் கேட்ட இடம் தப்பு என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லையே!

அவர் ஒரு தடவைகூடப் புதுக்கோட்டை ஜனங்களைக் கேட்கவில்லை. சர்க்காரும் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் ராஜாவுக்கும் வைஸ்ராய்க்கும் பரிபூரண ஒற்றுமை.

1928 மே 28-ஆம் தேதி பாரிஸில் அவர் காலமானார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர இடம் கொடுக்கவில்லை. லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் தகனம் நடந்தது. பன்னிரண்டு வயதை எட்டும் பிள்ளை இருக்க, வேறு கிளையிலிருந்து ஆறு வயதுப் பாலகன் ராஜகோபாலத் தொண்டைமானுக்கு அந்த வருஷமே முடி சூட்டினார்கள். அந்தப் பாலகன் வளர்ந்து 1948 மார்ச்சில் சமஸ்தானத்தை இந்திய யூனியனில் சேர்த்தார். புது அரண்மனையில் இன்று கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. பட்டா மாறுதலுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மனு எடுத்துக் கொண்டு கீரனூர்க்காரரும் ஆலங்குடிக்காரரும் படியேறுகிறார்கள். தொடர்கதை கேட்கிற நண்பருக்கு இந்தப் படிக்கட்டில் ஆரம்பிக்கிற கதை வேண்டுமானால் எழுதித் தருகிறேன். அதற்குக் கப்பல் படம் போட வேண்டாமென்று பத்திரிகாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.