ஜப்பானுக்குப் போகுமுன்

வேதியியல் படிக்கிற மாணவனுக்கு வாணிபத்தைப் பற்றி எழுத என்ன உரிமை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். என் சித்தப்பா சாலைக் கம்போளத்தில் மஞ்சளும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்கிறவர். சங்கரன்கோவிலிலிருந்து 17 வயதில் திருவனந்தபுரம் வந்த நான், அவர் வீட்டில் உண்டு, அவர் கடைக் கணக்கை எழுதி, அந்தப் பலகையிலேயே பாடமும் படித்தவன். அவருடைய மகன், என் தம்பி, இவ்வூரில் வாணிப மேலாண்மை படிக்கிறான். மாற்று மாணவர் திட்டத்தின்படி ஜப்பானில் ஓர் அரையாண்டு படித்துவர அவனுக்கு இடம் கிடைத்தது. வீடு முழுவதும் கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டத்தின் நடுவே, "இந்த ஏப்ரலில் போகாதே" என்று சொன்னவன் நான் ஒருவன்தான். மூன்று நாள் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்தி மட்டும் சோறு போட்டார், அதுவும் பேசாமல்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை நம் மாணவத் தோழர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன். இதே எண்ணத்தோடு நம்மில் வேறு சிலரும் இருப்பதை அறிவேன்.

முதலில் பணக் கணக்கு. மாற்று மாணவராகச் செல்கிறவர் பெரும்பாலும் இங்கேயே கட்டணம் கட்டினால் போதும். அங்கே கட்ட வேண்டியதில்லை. ஆனால் விமானச் செலவு, வாடகை, சாப்பாடு எல்லாம் நம் கையிலிருந்துதான். ஜப்பான் மாணவர் சேவை அமைப்பு மாதம் 80,000 யென் உதவிச் சம்பளம் கொடுப்பதுண்டு. என் தம்பிக்கு அது கிடைக்கவில்லை. சித்தியின் நகைகளை அடகு வைப்பதென்று முடிவாயிற்று. "கவலை வேண்டாம், வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்கலாம், எல்லாம் ஈடாகிவிடும், பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான், ஜப்பானிய மொழி தேவையே இல்லை" என்று ஒரு வழிகாட்டு நிலையத்தார் தேன் ஒழுகப் பேசினர்.

வாரம் 28 மணி என்பது மெய்தான். தனி அனுமதி பெற்றுக்கொண்டு மாணவர் அவ்வளவு நேரம் உழைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மொழி தெரியாதவனுக்கு என்ன வேலை கிடைக்கும்? உணவு விடுதியின் பின்கட்டில் பாத்திரம் கழுவலாம்; இரவெல்லாம் கிடங்கில் பொட்டலம் அடுக்கலாம். அதை இழிவென்று சொல்ல மாட்டேன். சாலையில் மூட்டை தூக்கித்தான் என் சித்தப்பா முதலாளியானார். ஆனால் பொட்டலம் அடுக்கவா தாயின் வளையல் வட்டிக் கடைக்குப் போக வேண்டும்? அதே பையனுக்கு மொழி தெரிந்திருந்தால், ஒரு சிறு கடையின் கல்லாவில் நிற்கலாம். எந்தச் சரக்கு எந்த வேளையில் வருகிறது, விற்காததை எப்போது எடுக்கிறார்கள், வாடிக்கைக்காரனிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று நேரே பார்க்கலாம். கடை நடத்தும் கலையில் ஜப்பானியர் சாதாரணமானவர்கள் அல்லர். அமெரிக்கரிடம் கற்று, டோக்கியோவில் டொயோசு என்ற இடத்தில் 1974இல் முதல் செவன்-இலெவன் கடையைத் திறந்தனர். 1991இல், கற்றுக்கொடுத்த அந்த அமெரிக்கக் கம்பெனியின் பெரும்பங்கையே அவர்கள் வாங்கிவிட்டனர். குருவை விலைக்கு வாங்கிய சீடர்கள்! இவர்களிடம் பாடம் கேட்கப் போகிறவன் பின்கட்டில் நின்றால் போதுமா?

"நீ நாளைக்கு ஜப்பானுக்கு ஆராய்ச்சிக்குப் போனால் மொழி படித்துவிட்டா போவாய்?" என்று தம்பி என்னைக் கேட்டான். நல்ல கேள்வி. படிக்காமலும் போகக்கூடும். பென்சீன் இங்கேயும் பென்சீன்தான், கியோட்டோவிலும் பென்சீன்தான். குடுவை, தராசு, சூத்திரம் இவற்றோடு உடைந்த ஆங்கிலத்திலேயே என் காலம் ஓடிவிடும். என் சோதனைச் சாலைக்கு நான்கு சுவர் உண்டு. வாணிப மாணவனின் சோதனைச் சாலை கடைத்தெரு. அதற்குள் நுழையச் சாவி அந்த ஊர்ப் பேச்சுதான்.

இதை எனக்குக் கற்பித்தது எந்த நூலும் இல்லை. சித்தப்பாவின் பழைய கதை ஒன்று. அவர் சாலைக்கு வந்த புதிதில் ஒரு மலையாளி வந்து, "குறே மஞ்ஞள் வேணம்" என்றாராம். 'குறே' என்றால் குறைவு என்று எண்ணி, இவர் கால் கிலோ நிறுத்து நீட்டினார். மலையாளத்தில் 'குறே' என்றால் நிறைய. வந்தவர் கல்யாண வீட்டுக்காரர்! அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். இரண்டும் அக்காள் தங்கை மொழிகள். அப்படியும் ஒரு சொல் ஒரு கல்யாண வியாபாரத்தைத் தின்றுவிட்டது. பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே, தமிழ்க் குரல் ஒலிக்காத நாளே இல்லாத சாலையில் இந்தக் கதி என்றால், டோக்கியோவில் என்ன கதி?

அங்கும் 'குறே' உண்டு. ஜப்பானிய மொழியில் 'சொத்தோ' என்றால் கொஞ்சம். ஒன்றைக் கேட்கிறீர்கள், எதிரில் இருப்பவர் மூச்சை இழுத்து, "சொத்தோ..." என்று நிறுத்துகிறார். கொஞ்சம் கிடைக்கும் என்று நம்பினால் ஏமாந்தீர்கள். 'அது கொஞ்சம் கஷ்டம்', அதாவது முடியாது என்று பொருள். 'ஹாய்' என்பதற்கு அகராதியில் 'ஆம்' என்றிருக்கும். பேச்சு நடுவே தலையாட்டிக்கொண்டு சொல்லும் 'ஹாய்' பல வேளை 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதோடு சரி. 'ஆலோசிக்கிறோம்' என்று கூட்டத்தில் சொன்னால் காரியம் பெரும்பாலும் முடிந்துபோயிற்று. இவற்றை ஆங்கில வகுப்பில் ஒரு பட்டியலாக எழுதிப் போடுவார்கள். பட்டியலைப் பார்த்துக்கொண்டு எவனும் வியாபாரம் பேச முடியாது.

இந்த ஊரிலிருந்தே ஒரு சான்று காட்டுகிறேன். 1905இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர் ஏ. எம். நாயர். மாணவப் பருவத்திலேயே போராட்டங்களில் இறங்கியவர். 1928இல் கியோட்டோ இம்பீரியல் சர்வகலாசாலைக்குக் கட்டடப் பொறியியல் படிக்கச் சென்றார். அங்கே பாடம் ஜப்பானிய மொழியில். வேறு வழியில்லை, கற்றார். பட்டம் பெற்றபின் ராஷ் பிகாரி போஸுடன் சேர்ந்து இந்திய விடுதலைக்காக உழைத்தார். ஆங்கில அரசு இருக்கும்வரை தாய்நாடு திரும்ப முடியாத நிலை. போர் முடிந்தபின், 1949இல், டோக்கியோவின் கின்சாப் பகுதியில் ஓர் இந்திய உணவு விடுதியைத் திறந்தார். பாலம் கட்டப் படித்தவர் கறிக்கடை வைத்தார்! போருக்குப் பின் அரிசிக்கே தட்டுப்பாடாயிருந்த நகரத்தில், கறித்தூளை விற்றார். அவருடைய விடுதியில் கோழிக்கறியும் சோறும் மசித்த உருளைக்கிழங்கும் ஒரே தட்டில் வரும். பரிமாறுகிறவர் எலும்பை உருவி எடுத்துவிட்டு, 'எல்லாவற்றையும் கலந்து சாப்பிடுங்கள்' என்பார். ஒவ்வொன்றையும் தனித்தனியே சுவைத்துப் பழகிய ஜப்பானியரைப் பிசைந்து உண்ண வைத்த கெட்டிக்காரத்தனம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வாக்கியத்தை ஜப்பானிய மொழியில் சொல்லியிராவிட்டால் என்னாகியிருக்கும்? 1984இல் ஜப்பான் அரசு அவருக்கு விருதளித்துச் சிறப்பித்தது. 1990இல் அவர் மறைந்தார். நம் மாணவரில் எத்தனை பேர் இவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

தமிழ்நாட்டுச் சான்றும் உண்டு. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். அங்கே அத்தொழிலுக்கு வித்திட்டவர்கள், குடியேறிய ஜப்பானியக் குடும்பத்தார். எட்டு மாதம் பட்டறையில் நின்று கற்றுத் திரும்பி, 1923இல் தொழில் தொடங்கினர். அவர்களும் ஏறக்குறைய ஓர் அரையாண்டு மாணவர்களே. சான்றிதழ் மட்டும் கையில் இல்லை.

ஜப்பான் நமக்கு எட்டாத தூரத்திலும் இல்லை. நம் ஊர் ஸ்ரீ சித்திரா திருநாள் நிலையத்தில் உருவான நுட்பத்தைக் கொண்டு இரத்தப் பை செய்யத் தொடங்கிய புளியறைக்கோணம் தொழிற்சாலையோடு 1999இல் கூட்டுச் சேர்ந்தது ஜப்பானின் டெருமோ கம்பெனி. காரியவட்டத்திலிருந்து பேருந்தில் போய்விடலாம். தம்பி அதன் பெயரையே என்னிடம்தான் முதலில் கேட்டான். உள்ளூரிலுள்ள ஜப்பானை எட்டிப் பாராதவன் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் பறக்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை, அன்று வீட்டில் நிலைமை அப்படி.

மொழி கடினம் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு சொல். எழுத்து கடினம்தான். 46 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கு இரண்டு. அதன்மேல் அன்றாட வழக்குக்கென்று அரசு வகுத்த சீன எழுத்துகள் 2,136. ஆனால் வாக்கியம் நம் வீட்டுப் பிள்ளை. 'வதாஷி வா மிஸே நி இகிமாஸ்': நான், கடை, கு, போகிறேன். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே, வினை கடைசியில். ஆங்கிலேயன் தலைகீழாக நின்று கற்க வேண்டியதைத் தமிழன் நேராக நின்று கற்கலாம். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளும் உறவு என்றே நூல்கள் எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் என்ன? உறவு கொண்டாடி மேடையில் கைதட்டு வாங்கிய நாம், அந்த 46 எழுத்தை எழுதிப் பார்த்தோமா என்பதுதான் என் கேள்வி.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு சென்று திரும்பிய ஒருவரைச் சந்தித்தேன். நம்மவர் மிகுந்து வாழும் நிஷிகசாயில் தங்கி, வெளிநாட்டு மாணவரோடு ஆங்கில வகுப்பில் இருந்து வந்தவர். "இரயில் ஒரு நிமிடம் தவறாமல் வருவதைப் பார்த்ததே எனக்குப் பாடம், நான் மாறிவிட்டேன்" என்றார். சங்கக் கூட்டத்திற்கு அவர் இப்போது முன்னதாகவே வருகிறார், அது நம் சங்கத்தில் அதிசயம்தான். ஆகவே மொழியின்றிப் போவது முழுதும் வீண் என்று நான் வாதிடவில்லை. சொந்தப் பணம் உள்ளவர் போய்வரட்டும். நகை அடகில் போகிறவனுக்கு நான் சொன்னது வேறு: ஜப்பானில் ஏப்ரலில் ஒரு வாயில் திறக்கிறது, இலையுதிர் காலத்தில் இன்னொன்று. இரண்டாவது வாயிலில் போ. நடுவில் உள்ள மாதங்களில் காலை இரண்டு மணி நேரம் மொழி படி. தொடக்கத் தேர்வையாவது எழுதிவிட்டுப் போ. நம் சங்கமும் ஆண்டு விழாவுக்குச் செய்யும் செலவில் ஒரு பகுதியைக் கொண்டு மாலை வகுப்பு ஒன்று நடத்தலாம். பாட்டுக் கச்சேரி அடுத்த ஆண்டும் வரும்.

நான்காம் நாள் தம்பியே கல்லூரி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டான். இழுத்தடித்து, கடைசியில் இலையுதிர்ப் பருவத்துக்கு மாற்றித் தந்தார்கள். சித்தப்பாவுக்கு இன்னும் என்மேல் முழுக் கோபம் போகவில்லை. ஆனால் நேற்றுக் கடையில் மூட்டைகளுக்கிடையே உட்கார்ந்து தம்பி எழுதிப் பழகிக்கொண்டிருந்தபோது, அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"மஞ்சளுக்கு அவனுவ என்னல சொல்லுவானுவ?"

"உகோன்."

"மல்லிக்கு?"

தம்பி புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினான்.