கொள்ளிடத்துல வர்றது இயற்கைச் சீற்றமா?



மேட்டூர் நிரம்பி வழியுற வருஷமெல்லாம் டிவியில ஒரே வார்த்தைதான்: "இயற்கைச் சீற்றம்". சீர்காழி பக்கம் நாதல்படுகை, முதலைமேடு, வெள்ளமணல் மக்கள் ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டு கரை மேல ஏறி நிப்பாங்க. சாப்பாட்டுப் பொட்டலம், ஒரு போட்டோ. தண்ணி வடிஞ்சதும் எல்லாருக்கும் மறந்துடும்.

இயற்கையா இது? கொஞ்சம் வரலாறு பாருங்க.

முக்கொம்புல காவிரி ரெண்டாப் பிரியுது. கொள்ளிடம் பள்ளமான பாதை. விட்டா தண்ணி அதுலதான் ஓடும். நெல்லுக்குத் தண்ணி வேணும்னுதான் கரிகாலன் பேர் சொல்லுற கல்லணை. பாசனத்துக்கு வேண்டியது காவிரியில, மிச்சம் கொள்ளிடத்துல. மழை வானம் கொடுக்குறது. வெள்ளம் எந்த ஊரு வழியா போகணும்னு முடிவு பண்ணது நம்ம வயல்.

1800களின் தொடக்கத்துல காவிரி வாயில மணல் மேடு தட்டி தஞ்சை வயலுக்குத் தண்ணி குறைஞ்சது. 1836ல ஆர்தர் காட்டன் முக்கொம்புல கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டினார். வயல் பிழைச்சது. ஆனா இப்போ காவிரிக்குள்ள தண்ணி அளவுக்கு மீறிப் பாய்ஞ்சு படுகையை அரிக்க ஆரம்பிச்சது. அதை அடக்க அங்கேயும் ஒரு தடுப்பு! ஒரு இடத்துல கை வெச்சா ஆறு இன்னொரு இடத்துல பதில் சொல்லும். (சிவில் படிக்காத எனக்கே இது புரியுது.)

1924ல பெருவெள்ளம். 1934ல மேட்டூர் அணை, கொள்ளளவு 93.47 டிஎம்சி. பெருசுதான். ஆனா விநாடிக்கு 2 லட்சம் கன அடி வந்தா ஒரு நாளைக்கு 17 டிஎம்சிக்கு மேல. காலியா இருக்குற அணையே ஆறு நாள் தாங்காது. நிரம்பின அணை வர்றதை அப்படியே கீழ தள்ளும். டெல்டாவைக் காப்பாத்த அது கொள்ளிடத்துக்குத்தான் போகும்.

மணல் கதை தனி. மேலேர்ந்து வர்ற மணலை அணை நிறுத்திடுச்சு, கீழ இருந்ததை லாரி அள்ளிடுச்சு. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில 9 மதகு அடிச்சுட்டுப் போச்சு. வயசாயிடுச்சுன்னாங்க. கல்லணைக்கு என்ன வயசு சார்?

டெல்டா விவசாயி மேல பழி போடலை. நாம திங்குற சோறு அவங்க போட்டது. ஆனா அந்த வயலுக்காக வெள்ளத்தைத் தன் வீட்டுக்குள்ள வாங்குற திட்டுக்காரனுக்கு மட்டும் ஏன் பிச்சை மாதிரி நிவாரணம்? கொள்ளிடத்துல திறந்துவிடுறது அதிகாரி போடுற உத்தரவு. உத்தரவால அழிஞ்ச பயிருக்கு இழப்பீடும் சட்டப்படி வரணும், அமைச்சர் மனசு வெச்சா வர்றதா இருக்கக் கூடாது. மேட்டுல பட்டாவோட வீடு வேணும். கொள்ளிடத்துல ஒரு லாரி மணல்கூட எடுக்கக் கூடாது.

அடுத்த ஆடியில அவங்க திரும்பவும் கரை மேல நிக்கிறதுக்குள்ள இதைக் கேட்கணும். பகிருங்க.

#கொள்ளிடம் #திட்டுமக்களுக்குப்பட்டா