பொதுவுடைமையும் அடுக்களையும்

ஆண்டான் அடிமை என்னும் வேற்றுமைக்குத் தனியுடைமையே வேர். அவ்வேரை அறுப்பின் குடும்பத்துள் பெண் படும் அடிமைத்தனமும் தானே உதிர்ந்துபோம் என்பது பொதுவுடைமையாளர் கொள்கை. 1884-இல் வெளிவந்த எங்கெல்சின் 'குடும்பம், தனியுடைமை, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்னும் நூல் இதனை விரித்துரைக்கும். இல்லத்துள் கணவன் முதலாளியையும் மனைவி பாட்டாளியையும் ஒப்பர் என்னும் அவர் கருத்தை மறுப்பார், தம் வீட்டு அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்ப்பாராக.

நோய்முதல் கண்டது மெய். மருந்து பிணி தீர்த்ததா என்பதே வினா.

உருசியப் புரட்சியரசின் 1918-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம், கணவன் மனைவியருள் எவர் வேண்டினும் மணவிலக்கு ஈந்தது. மணத்திற்குப் புறத்தே பிறந்த குழந்தைக்கும் ஏனைக் குழந்தைகட்குள்ள உரிமையை வழங்கியது. மேலைநாடுகள் பல அன்று எண்ணியும் பாராதவை இவை. ஆயின், அலெக்சாந்திரா கொலோந்தாய் போன்றோர் வேண்டிய பொது அடுக்களைகளும் குழந்தைக் காப்பகங்களும், நாட்டின் வறுமையால் போதிய அளவு எழவில்லை. விலங்கை ஒடித்த சட்டம் சோற்றுக்கு வழிசெய்யவில்லை. கைவிடப்பட்ட தாயர் பலராயினர்.

இசுடாலின் ஆட்சி அக்குறையை நிறைத்ததோ? இல்லை. பெண்களுக்கெனக் கட்சியில் இருந்த தனித்துறை 1930-இல் கலைக்கப்பட்டது. 1920-இல் ஒப்பப்பட்ட கருக்கலைப்பு 1936-இல் தடுக்கப்பட்டது. மணவிலக்குக் கட்டணமும் உயர்ந்தது. 1944-இல், பதிவுமணம் செய்யாத தாய், தன் குழந்தைக்காகத் தந்தையிடம் பொருள் கேட்கும் உரிமையை இழந்தாள். அவ்வாண்டே, பத்து மக்களை வளர்த்த தாய்க்கு 'வீரத்தாய்' என்னும் பட்டம் வந்தது. போரில் இரண்டு கோடிக்கு மேற்பட்டோரை இழந்த நாட்டிற்கு மக்கட்பெருக்கம் வேண்டியிருந்தது என்பர். வேண்டியது அரசுக்கு, சுமந்தவள் பெண்!

ஆலையும் நிலமும் பொதுவாகியும் அடுக்களை மட்டும் பெண்ணின் தனிச்சுமையாகவே நின்றது. 1963-இல் தெரசுகோவாவை விண்ணுக்கு அனுப்பிய அந்நாட்டிலும், பகலெல்லாம் ஆலையில் உழைத்த பெண், மாலையில் கடைமுன் நெடுவரிசையில் நின்று, இரவில் உலை வைத்தாள்.

இது கொண்டு பொதுவுடைமையே பொய்யெனக் கூத்தாடும் முதலாளியர்க்கு நாம் துணைநில்லோம். உடைமையில் ஒப்புரவின்றிப் பெண்ணுரிமை நிலையாது. அஃதொன்றே போதும் என்பதுதான் பிழை. வீட்டுழைப்பைப் பகிர்ந்துகொள்ளும் உள்ளம் ஆடவர்க்கு வாராதவரை, ஒரு சட்டம் தந்ததை மற்றொரு சட்டம் பறித்துக்கொள்ளும். உலகில் வகுப்பு வேற்றுமையை ஒழிக்கப் புறப்படுவார், தாம் உண்ட கலத்தைத் தாமே கழுவித் தொடங்குக!