ரோபோ மாறினா மூட்டை என்ன ஆகும்?

கலவானயில் ஜெட் விமானம் இறங்க இடம் கிடையாது. மலை, மழை, தேயிலை, ரப்பர், அந்தப் பக்கம் சிங்கராஜக் காடு. இருந்தும் எங்க மேசையில் முதல் நாள் உட்கார்ந்த அஞ்சு பேரில் மூணு பேர் ஜெட்டா மாறுற ரோபோவைத்தான் வரைஞ்சாங்க. இறக்கைக்குக் கீழ ஏவுகணை, நெஞ்சுல கழுகு முகம், கண்ணு ரெண்டும் சிவப்பு. நாலாவது ஆள் லம்போகினி. அஞ்சாவது ஆள் நான், என்னோடது ஃபெராரி. அதனால கீழே வரப்போற திட்டு எல்லாம் எனக்கும் சேர்த்துத்தான்.

விளையாட்டு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மேசையைச் சுத்தி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, ஒருத்தர் கதை நடத்த, மத்தவங்க "நான் இதைச் செய்றேன்"னு சொல்லி, டைஸ் உருட்டிக் கதையை முன்னால கொண்டுபோற விளையாட்டு இது. 1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்ததுல இருந்து உலகம் முழுக்க ஆடுறாங்க. நம்ம தோட்டங்களுக்கு இது புதுசு இல்லைன்னுதான் நான் சொல்லுவேன். மாசி மாசம் காமன் கூத்துல ஒருத்தர் ரதியாகி, ஒருத்தர் மன்மதனாகி, விடிய விடிய ஊரே நின்னு ஆடுறது வேற என்னவாம்? டைஸ் மட்டும்தான் இல்லை.

எங்க கதை: உருமாறும் ராட்சத ரோபோக்கள் கலவானப் பக்கத்து மலைகள்ல ஒளிஞ்சிருக்கு. அவ்வளவுதான். அதுக்கு ஜெட், லம்போகினி, ஃபெராரி. லம்போகினி எங்க டிவிஷன் ரோட்டுல முதல் வளைவைத் தாண்டாது, அடி தட்டும்.

இதைச் சொன்னப்போ வந்த பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வச்சது. "கற்பனைக்குள்ளயும் எதுக்குடா லயத்தைக் கொண்டுவர்ற? இங்க இருந்து தப்பிக்கத்தானே விளையாடுறோம்?" எங்க குழுவுல நல்லா வாசிக்கிற ஒருத்தர் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கு. ஆனா அதுல ஒரு பொய் ஒளிஞ்சிருக்கு: ஜெட்டும் ஃபெராரியும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத 'சுத்தமான கற்பனை', லொறி மட்டும்தான் 'ஊர்ச் சமாச்சாரம்'ங்கிற பொய்.

ஒப்டிமஸ் பிரைம் யாரு? அமெரிக்க நெடுஞ்சாலைல சரக்கு இழுக்கிற லொறி. அவங்க ஊர்ல அதை ஓட்டுறவன் நம்ம ஊர் லொறி டிரைவர் மாதிரி ஒரு தொழிலாளி. பம்பிள்பீ முதல்ல ஒரு சின்ன வொக்ஸ்வேகன் பீட்டில். 2007 ஹொலிவூட் படத்துலதான் அவரைப் பளபளன்னு செவர்லே கமாரோ ஆக்கினாங்க. இன்னும் ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டுச் சிரிங்க. 1984இல் வந்த முதல் பொம்மைகள்ல அயர்ன்ஹைட், ரட்செட்னு ரெண்டு பேர். ரெண்டுமே நிசான் வெனட் வேன். ஆமா, அதே வெனட்தான்! காலையில இருபது பிள்ளைகளை அடைச்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போகுமே, அது. ஹொய்ஸ்ட், டிரெயில்பிரேக்கர் ரெண்டும் டொயோட்டா ஹைலக்ஸ். நம்ம வண்டிகள் அந்த வரிசைல முதல்ல இருந்தே நிக்குது. நாமதான் ஜெட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தோம்.

இதுக்கு முந்தின கதை இன்னும் முக்கியம். இந்தப் பொம்மைகள் பலது ஜப்பானின் டகாரா கம்பெனி 80களின் தொடக்கத்துல செஞ்ச 'டயக்லோன்' தொடர்ல இருந்து வந்தது. அந்தத் தொடர்ல ரோபோவுக்கு உயிர் கிடையாது. அது ஒரு மெஷின். உள்ள விரல் நுனி அளவு சின்னச் சின்ன மனுசப் பொம்மைகள் உட்கார்ந்து ஓட்டும். 1984இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இதை வாங்கி 'டிரான்ஸ்போமர்ஸ்'னு பெயர் வச்சப்போ ரோபோவுக்கு உயிர் கொடுத்தாங்க, ஓட்டுநரை எடுத்துட்டாங்க. பெட்டிக்குள்ள அந்தக் குட்டி மனுசன் இல்லை. மார்வல் கொமிக்ஸ்ல இருந்த பொப் புடியான்ஸ்கிங்கிறவர் பெரும்பாலான ரோபோக்களுக்குப் பெயரும் குணமும் எழுதினார். பெட்டியின் பின்பக்கம் பலம், அறிவு, வேகம், தைரியம்னு பத்துக்கு இத்தனைன்னு புள்ளி இருக்கும். சிவப்பு பிளாஸ்டிக் துண்டை மேல வச்சாத்தான் வாசிக்க முடியும். பாத்திரக் குறிப்புன்னா அதுதான், நம்ம மேசையில நிரப்புற தாள் மாதிரியே.

அந்த மனுசன் எழுதினதுல சில நல்ல விசயங்கள் இருக்கு, மறுக்கலை. ஹஃபர்னு ஒரு சின்ன லொறி ரோபோ. எப்பவும் முணுமுணுப்பு, எப்பவும் ஊர் நினைப்பு, சைபட்ரோன் கிரகத்துக்குத் திரும்பணும்னு ஏக்கம். மலையகத்துப் பிள்ளை ஒண்ணு இதை வாசிச்சா சும்மா கடந்துபோக முடியாது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல 525,000 பேரை 'ஊருக்கு' அனுப்பறதுன்னு முடிவு பண்ணாங்க. அதுல எத்தனையோ பேர் அந்த ஊரைக் கண்ணால பார்த்தது இல்லை. ஹஃபருக்கு ஊர் ஞாபகமாவது இருந்துச்சு.

ஆனா லோங் ஹோல்னு இன்னொருத்தர் இருக்கார். சரக்கு ஏத்துற டம்ப் லொறி. தனக்குக் கிடைச்ச சுமை தூக்குற வேலை பிடிக்கலை, அதுதான் அவர் குணம். அவர் எந்தக் கட்சி? வில்லன் கட்சி. புல்டோசர், பெக்கோ, கிரேன், கொங்கிரீட் கலக்குற லொறின்னு கட்டுமான வண்டிகள் ஆறு பேர், ஆறு பேருமே வில்லன்கள். ஆறும் ஒண்ணு சேர்ந்தா டெவஸ்டேட்டர்ங்கிற ராட்சதன். பெரிய உடம்பு, சின்ன மூளை. காரணமும் எழுதி வச்சிருக்காங்க: ஆறு பேரும் ஒத்துக்கிட்ட எண்ணத்தை மட்டும்தான் அவனால நினைக்க முடியுமாம். வேலை செய்றவங்க ஒண்ணு கூடினா பலம் கூடும், புத்தி குறையும்! இது யாரோட பயம்னு பெரட்டுக் களத்துல நின்ன எவரும் சொல்லிடுவாங்க. நம்ம மேசைலயும் பெக்கோ வந்துச்சு, மாணிக்கக் குழி தோண்டுற பெக்கோ. யோசிக்காமலே அதை வில்லன்னு எழுதினோம். குழிக்காரன் கூலிக்குத் தோண்டுறான், நிலம் யாரோட பெயர்ல இருக்குன்னு ஒருத்தரும் கேட்கலை.

அதிகாரபூர்வமான 'டிரான்ஸ்போமர்ஸ்' மேசை விளையாட்டும் இருக்கு. 2022இல் ரெனகேட் கேம் ஸ்டூடியோஸ் வெளியிட்டது. போர்வீரர், துப்பாக்கிக்காரர், சாரணர்னு பங்குகளின் பெயரைக் கேட்டாலே படைமுகாம் வாசனை அடிக்கும். டொலர்ல விலை, அதனால எங்களுக்கு அது தூரம். அது போகட்டும். எங்களுக்கு உதவினது வேற: 2013இல் ஜோன் ஹார்ப்பர் எழுதின 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்'. மொத்த விளையாட்டும் ஒரே பக்கம். உங்களுக்கு ஒரே ஒரு எண், 2ல இருந்து 5க்குள்ள. ஒரு வகை வேலைக்கு அந்த எண்ணுக்குக் கீழ உருட்டணும், மற்ற வகைக்கு மேல. ஒண்ணுல நல்லா இருந்தா மற்றதுல மோசம்.

இதைப் பார்த்ததும் எனக்குத் தோணினது, உருமாறும் ரோபோவுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லைன்னு. கீழ உருட்டினா வண்டி வேலை: இழுக்கிறது, ஏத்துறது, ரோட்டைப் பிடிச்சு ஓடுறது. மேல உருட்டினா ரோபோ வேலை: கை, கால், பேச்சு, சண்டை. 5 எடுத்தவர் நல்ல வண்டி, தடுமாறுற ரோபோ. 2 எடுத்தவர் தலைகீழ். சரியா அதே எண் விழுந்தா பாதி மாறின நிலை. அப்போ கதை நடத்துறவர்கிட்ட ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்லியே ஆகணும். லூடோ பெட்டில இருக்கிற டைஸ் போதும். கொப்பில அரைப் பக்கம் போதும்.

அந்த அரைப் பக்கத்துல நாங்க கடைசியா ரெண்டு வரி சேர்த்தோம். 'இதை யார் ஓட்டுறது?' 'மாறும்போது உள்ள இருக்கிறது என்ன ஆகும்?'

இந்த ரெண்டாவது வரி என்ன செய்யும்னு ரெண்டாவது சனிக்கிழமை பார்த்தோம். லம்போகினிக்காரர் கோவத்துல தாளைக் கிழிச்சுட்டு, "சரி, கொழுந்து லொறி, போதுமா?"ன்னு புதுசா எழுதினார். நக்கலுக்குத்தான். கதைல சாயங்காலம், மழை. லொறில 40 பேரோட கொழுந்து, ஆளுக்கு 18 கிலோ வச்சா 720 கிலோ. ஃபெக்டரிக்குப் போற வழில பாலத்துக்குப் பக்கத்துல எதிரி ரோபோ. வழக்கமான இடம்தான், இந்த இடத்துல எல்லாரும் "மாறு!"ன்னு கத்துவோம். அவர் டைஸைக் கையில எடுத்தார். கதை நடத்தின அக்கா ஒரே கேள்வி கேட்டாங்க: "மூட்டை?"

மாறினா மூட்டை எல்லாம் சேத்துல விழும். மாறாம நின்னா, சாக்குல நெருக்கி அடைச்ச கொழுந்து நேரம் ஆக ஆகச் சூடேறும், சிவந்துபோகும், ஃபெக்டரில எடுக்க மாட்டாங்க. அது வெறும் இலை இல்லை, 40 பேரோட அன்னைக்குப் பேர். அவர் அம்மா பேரும் அதுல இருக்குன்னு அவராத்தான் சொன்னார், யாரும் கேட்கலை. டைஸை மேசைல வச்சுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "டிரைவர் அண்ணன் இறங்கி எதிரிக்கிட்ட பேசட்டும். நான் லைட்டை மட்டும் போட்டுக்கிட்டு நிக்கிறேன்"னார். மூணு மணித்தியால ஆட்டத்துல சண்டையே நடக்கலை. மூட்டை போய்ச் சேர்ந்துச்சா இல்லையாங்கிறதுக்கு நாங்க விட்ட மூச்சு எந்த ஏவுகணைக்கும் விட்டது இல்லை.

"தப்பிக்கத்தானே விளையாடுறோம்"னு கேட்ட நண்பருக்கு இதுதான் என் பதில். ஜெட்ல ஏறி அவர் எங்கயும் தப்பிக்கலை. வேற ஊர்க்காரன் கனவுல பின்சீட்டுல உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் திட்டணும். இதைக் கேட்டதும் சிலர், "சரி, தமிழ் ரோபோ செய்வோம்"னு வேட்டி கட்டின ரோபோ, கையில வேல், காலில சிலம்புன்னு வரைஞ்சு அனுப்புறாங்க. ஸ்டிக்கர் ஒட்டின ஜெட் அது. உருமாற்றம் தமிழுக்குப் புதுசா? கந்தபுராணத்துல சூரபத்மன் கடைசில மாமரமா நிக்கிறான், பிளந்ததும் மயிலும் சேவலும் ஆகுறான். அதுக்கப்புறம் திரும்பி அசுரனாக முடியாது. மாறுறதுக்கு ஒரு விலை இருக்கு, அந்தக் கதைல இருந்து எடுக்கவேண்டியது அதை. நெத்தில பட்டையை இல்லை. 'எந்திரன்' கிளைமாக்ஸ்ல நூத்துக்கணக்கான சிட்டி ஒண்ணா சேர்ந்து பந்தாகி, பாம்பாகி, ராட்சதனாகிறதை நாம எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தோம். பிரமாதம். ஆனா பாம்பா மாறினதால சிட்டிக்கு என்ன நட்டம்? ஒண்ணும் இல்லை. அதனாலதான் அது வித்தையா நிக்குது, பாத்திரமா ஆகலை.

மண்ணையும் மறந்துடாதீங்க. 2017 மே மாச மழைல கலவானப் பக்கம் பட்டதை வீட்டுல கேட்டுப் பாருங்க. அந்த மாதிரி நனைஞ்ச சரிவுல முப்பதடி இரும்பு ஒண்ணு கால் வச்சா என்ன ஆகும்? எங்க மேசைல மழை நாள்ல ரோபோவா மாறினா கதை நடத்துறவர் ஒரு டைஸ் உருட்டுவார். 1 விழுந்தா மண் சரியும், கீழ லயம் இருக்கு. ஹீரோ ரோபோ நடக்கவே பயப்படுறது நல்ல காட்சிங்க. வீட்டுல ஆடிப் பாருங்க.

கடைசியா, எனக்கு வெக்கமா இருக்கிற விசயம். எங்க அஞ்சு பேரில் கதை நடத்துற அக்கா ஒருத்தரைத் தவிர எல்லாரும் ஆம்பளைங்க. வண்டின்னு யோசிச்சாலே டிரைவர், கிளீனர், பெக்கோக்காரர்னு ஆம்பளைங்கதான் ஞாபகம் வர்றாங்க. அந்தப் பக்கமும் இதே கதைதான். ஆர்சிங்கிற பெண் ரோபோ 1986 படத்துல வந்தும், அந்தக் காலத்துப் பொம்மை வரிசைல அவருக்கு ஒரு பொம்மை வரலை. நம்ம மலைல கொழுந்து பறிக்கிற கைகள் பெரும்பாலும் பெண்கள் கை. அவங்க சுமக்கிறது கூடை, வண்டி இல்லை. அப்போ அவங்களுக்கு ரோபோவே கிடையாதா?

பிளேன்டீ கொண்டுவந்து வச்ச என் தங்கச்சிதான் இதுக்குப் பதில் சொன்னா. பன்னிரண்டு வயசு. அதுவரைக்கும் அவளை நாங்க ஆட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை. "வண்டியாத்தான் மாறணுமா?"ன்னு கேட்டா. இல்லைதான். பெர்செப்டர் நுண்ணோக்கியா மாறும், சவுண்ட்வேவ் கெசட் ரெக்கோடரா மாறும். அப்போ அவ எழுதினது: தராசு. கொழுந்து மடுவத்துல தொங்குற தராசு. எண் 5. ரோபோவா மாறினா மெதுவாத்தான் நடக்கும், சண்டை தெரியாது. ஆனா தராசா தொங்கும்போது பொய் எடை காட்டாது. தண்ணிக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவுன்னு யார் சொன்னாலும் முள்ளு அசையாது. 'இதை யார் ஓட்டுறது?'ங்கிற இடத்துல 'எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க'ன்னு எழுதியிருந்தா.

மூணாவது சனிக்கிழமைல இருந்து அவளும் ஆடுறா. பிளேன்டீ இப்ப முறை வச்சு ஊத்துறோம், நான் ஊத்தினது தண்ணி மாதிரி இருக்குதாம். ஜெட்காரங்க மூணு பேரில் ரெண்டு பேர் மாத்திக்கிட்டாங்க: ஒண்ணு இரத்தினபுரி போற இ.போ.ச. பஸ், ஒண்ணு லேண்ட்மாஸ்டர். மூணாவது தம்பி இன்னும் ஜெட்டை விடலை. விடச் சொல்லி நாங்க கேட்கவும் இல்லை. எங்க இறங்கும், யார் ஓட்டுறதுன்னு மட்டும் எழுதிக்கிட்டு வரச் சொல்லியிருக்கோம். ஸ்கூல் மைதானத்தை அளந்துக்கிட்டு இருக்கானாம்.