நெல்லும் பதரும்

தாராசுரம் கோயிலைக் காணச் செல்பவர்கள், இரண்டாம் இராசராசன் எழுப்பிய கல்தேரின் சக்கரத்தைக் கண்டு வியந்து நின்றுவிடுகிறார்கள். இன்னும் சற்று நேரம் செலவிட்டுச் சுவரைச் சுற்றி வந்தால், நாயன்மார் கதைகள் சின்னஞ்சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றின்மீது நம்பிக்கை கொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த நாயன்மாருள் ஒருவரான சுந்தரரின் கதைக்குள்ளே ஒரு வழக்கு இருக்கிறது. அது நமக்கு வேண்டும்.

மணப்பந்தலில் நிற்கும் இளைஞரை நோக்கி, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது" என்கிறார் ஒரு கிழவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது இந்நாட்டில் எங்கும் இல்லையே என்று அவையோர் முதலில் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் அதோடு வழக்கை முடித்துவிட்டார்களா? இல்லை. வழக்கம், ஆவணம், கண்டவர் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றால் மெய்ப்பிக்கச் சொல்கிறார்கள். மூல ஓலையை வாங்குகிறார்கள். பாட்டனின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து ஒப்பிடுகிறார்கள். பிறகே தீர்ப்பு. "இப்படி நடந்திருக்காது" என்ற தங்கள் எண்ணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, "நடந்ததா?" என்று பார்த்தார்கள். சேக்கிழார் காட்டும் அந்த ஊரவைக்கு இருந்த பொறுமை, எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த நீதிமன்றத்துக்கு எப்போதும் இருந்ததா? அதுவே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

தாராசுரத்திலிருந்து கிழக்கே, காவிரியின் கிளைகள் கடலை நோக்கிச் செல்லும் வழியே போனால், திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கீழவெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு அங்கே நடந்ததை நம் தோழர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கூலி நெல்லில் சிறிது உயர்வு கேட்டார்கள் உழவுத் தொழிலாளர்கள். சங்கக் கொடியை இறக்க மறுத்தார்கள். சேரி தாக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சி ஒரே குடிசைக்குள் ஒடுங்கியவர்கள் அங்கேயே எரிந்து கரியானார்கள். நினைவிடம் சொல்லும் கணக்கு 44. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

வழக்கு நடந்தது. நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட 23 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். தப்பிப் பிழைத்த தொழிலாளர்கள் கூண்டிலேறி, கண்டதைச் சொன்னார்கள். நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970இல் நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் பத்தாண்டு கடுங்காவல் விதித்தது. 1973 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அனைவரையும் விடுதலை செய்தது. அந்த விடுதலை பிறகு மாறவேயில்லை.

விடுதலைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று இன்றளவும் நாட்டின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நிற்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மிராசுதார்கள். பரந்த நிலம் படைத்த செல்வர்கள். நாயுடுவிடம் கார் இருந்தது. இத்தகையோர் வேலையாட்களை ஏவாமல், தாமே கால்நடையாக வந்து குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம். இதுவே அந்தக் காரணத்தின் சாரம்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரு சாட்சியை ஐயுறுவதற்கு வழிகள் பல உண்டு. இருட்டில் முகம் தெரிந்ததா? எவ்வளவு தொலைவில் நின்றான்? முதல் வாக்குமூலத்தில் சொல்லாததைப் பின்னர்ச் சேர்த்தானா? பகை உண்டா? இவை அனைத்தும் சாட்சியைப் பற்றிய கேள்விகள்; முறையான கேள்விகள். "பணக்காரன் நடந்து வருவானா?" என்பதோ சாட்சியைப் பற்றிய கேள்வியே அன்று. பணக்காரனைப் பற்றிக் கேட்பவர் கொண்டிருக்கும் எண்ணம் அது. கண்டேன் என்று ஒருவன் சொல்லும்போது, அவன் கண்ணைச் சோதிக்காமல் எதிரியின் செல்வத்தைச் சோதித்தால், அது எந்த அளவுகோல்? மிராசுதாரின் முகம் பண்ணையாளுக்குத் தெரியாததா? நடவிலும் அறுப்பிலும் களத்துமேட்டிலும் நாள்தோறும் எந்த முகத்துக்கு அஞ்சி நின்றானோ, அந்த முகத்தை எரியும் கூரையின் வெளிச்சத்தில் அடையாளம் காண அவனால் ஆகாதா?

இந்த இடத்தில் கைதட்டிவிட்டு ஏட்டை மடித்து வைத்துவிடலாம். ஆனால் பாதி உண்மையோடு நின்றுவிடுவது நம் மரபன்று. இனிச் சொல்வது கசக்கும், ஆயினும் கேளுங்கள்.

"ஏழை சொன்னால் மெய், அதற்குமேல் விசாரணை எதற்கு?" என்று நம்மவர்களிலேயே சிலர் பேசுகிறார்கள். அது தவறு. சாட்சியை உரசிப் பார்க்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவனுக்கு இருந்தாக வேண்டும். அது செல்வனுக்கு மட்டும் பயன்படும் உரிமையன்று. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கை நினைவுகூருங்கள். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் குத்துண்டு மறுநாள் இறந்தார் அந்தப் பத்திரிகையாளர். மயிலாடுதுறை தந்த இசைக்குரல் தியாகராஜ பாகவதரும், நகைச்சுவையால் நாட்டைத் திருத்த முயன்ற என்.எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். குற்றத்தில் தனக்கும் பங்குண்டு என்று சொல்லி அரசுத் தரப்புக்கு மாறிய 'அப்ரூவர்' சாட்சியம் அந்த வழக்கின் தூண்களில் ஒன்று. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுபடி சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். சாட்சியை மீண்டும் உரசிப் பார்க்க ஒரு வழி இருந்ததால் அவர்கள் மீண்டார்கள். அவர்களுக்காகப் பேச எத்திராஜ் போன்ற பேர்பெற்ற வக்கீல் இருந்தார். அந்த வழியை அடைத்துவிட்டால் முதலில் மாட்டிக்கொள்பவன் யார்? வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாத நம் தோழன் அன்றோ! கீழவெண்மணி நாளிலேயே மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொலையுண்ட வழக்கில், தொழிலாளர்கள் தண்டனை பெற்றதை மறந்துவிட்டோமா?

ஆகவே நாம் கேட்பது சோதனையற்ற நம்பிக்கை அன்று. இருவருக்கும் ஒரே மரக்கால். ஒருவனுக்கு அளக்கும்போது தலை தட்டியும், மற்றவனுக்கு அளக்கும்போது கோபுரமாகக் குவித்தும் அளக்கும் மரக்காலை நெற்களத்தில் ஒத்துக்கொள்ளாத நாம், நீதிக்களத்தில் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

அந்த ஒரே மரக்காலைச் சட்டம் வகுக்காமல் இல்லை. 1953இல் தலீப் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது: நெருங்கிய உறவினன் என்பதற்காகவே சாட்சியைத் தள்ளக்கூடாது, உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு வேறொருவனைக் காட்டிக் கொடுப்பதில் கடைசி ஆளாக இருப்பவன் உறவினனே. 1957இல், சென்னை மாநிலத்திலிருந்து சென்ற வடிவேலு தேவர் வழக்கில், கொலையுண்டவரின் மனைவி ஒருத்தியின் சாட்சியமே போதும் என்று கொண்டு தண்டனையை உறுதி செய்தது. சாட்சிகளை எண்ணாதே, எடை போடு என்பதே அத்தீர்ப்பின் பொருள். முற்றும் நம்பத்தக்கவர், முற்றும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர் என மூவகையாகச் சாட்சிகளைப் பிரித்து, இடைப்பட்டவர் சொல்லுக்கு மட்டும் வேறு ஆதாரம் தேடச் சொன்னது. இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் இல்லை. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் இல்லை. ஒருவர் சொல் போதும். ஆனால் விசாரித்த சொல்லாக இருக்க வேண்டும். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை விசாரியாமல் ஏற்றதாலன்றோ புகாரிலிருந்து சென்ற கோவலன் மதுரையில் மாண்டான்!

கூட்டமாகத் தாக்கிய வழக்குகளுக்கும் வழி சொல்லப்பட்டது. 1964இல் மசால்டி வழக்கில், சாட்சிகள் ஒரு கட்சியைச் சார்ந்தவர்கள் என்பதற்காக ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட்டால் நீதியே தவறிப்போகும் என்றது உச்சநீதிமன்றம். அதே நேரத்தில், பலர்மீது குற்றம் சாட்டப்படும்போது, ஒருவனை இரண்டு மூன்று சாட்சிகளாவது முரணின்றிக் காட்டுகிறார்களா என்று பார்ப்பது நலம் என்றும் சொன்னது. முறத்தில் இட்டுப் புடைப்பது போன்றது இது. பதர் பறக்கும்; நெல் நிற்கும். பதர் இருக்கிறதே என்று முறத்தோடு நெல்லையும் வாய்க்காலில் கொட்டும் உழவன் உண்டா?

சரி, நம் சாட்சிகளின் சொல்லில் பதர் எங்கிருந்து கலக்கிறது? அதையும் பார்ப்போம். கடிகாரம் கட்டாதவனிடம் "எத்தனை மணி?" என்று கேட்கிறார்கள். கோழி கூவியதையும் நிலவு சாய்ந்ததையும் கொண்டு பொழுதறிந்தவன், வக்கீல் விடாமல் கேட்பதால் ஏதோ ஒரு மணியைச் சொல்கிறான். "எத்தனை கெஜம்?" என்கிறார்கள். வரப்பாலும் வாய்க்காலாலும் தொலைவளந்தவன் திகைக்கிறான். காவல்நிலையத்தில் அவன் சொன்னதை எழுதியவர் தம் நடையில், தமக்குத் தோன்றியதைச் சுருக்கி எழுதுகிறார். ஈராண்டு கழித்துக் கூண்டில் அவன் விரிவாகச் சொன்னால், "இது முன்பு சொல்லாதது, புனைந்தது" என்கிறது குறுக்கு விசாரணை. பொய்யனுக்கு முரண் வரும், மெய்யனுக்கும் வரும். முற்றும் முரணற்ற சாட்சி, ஒப்பித்த சாட்சியாகவும் இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் காண்பதுதான் நீதிபதியின் கலை.

எல்லாவற்றிலும் கொடிய பதர் அச்சம். யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறானோ அவன் வயலில்தான் மறுநாள் கூலிக்குப் போக வேண்டும் என்றால், நா எப்படி எழும்? அண்மைக் காலத்திலும் கண்டோம். 2015இல் கொலையுண்ட கோகுல்ராஜ் வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்சாட்சியானார். ஆயினும் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கருவியில் பதிந்த காட்சி பேசியது. மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022இல் விதித்த ஆயுள் தண்டனையை, யுவராஜ் முதலானோருக்கு 2023இல் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. கருவி இருந்த இடத்தில் நீதி பிழைத்தது. கருவி இல்லாத கழனியில்? அங்கே மனித நாவைக் காப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காக்கச் சட்டம் உண்டு. 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநில அரசும் இத்தகைய திட்டம் வகுக்கக் கட்டளையிடுகிறது. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில், காவல்துறை அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 183ஆம் பிரிவு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2016 முதல், சாட்சிக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. ஏட்டில் உள்ளதை நாட்டில் நடக்க வைப்பது யார் வேலை? நம் வேலை.

கிளைத் தோழர்களே, உங்களுக்கு மூன்று சொல். கொடுமை நடந்தால் அன்றே, அந்த மணியே, கண்டவரை அழைத்துச் சென்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். படியைப் பெறாமல் திரும்பாதீர்கள். இரண்டாவது, சாட்சியைத் தனியே விடாதீர்கள். கோர்ட்டுக்குப் போகும் நாளின் கூலியை இழப்பவன் அவன். அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது சங்கத்தின் கடமை. மூன்றாவது, மூன்றிலும் பெரியது: காணாதவரைக் கண்டதாகச் சொல்லச் சொல்லாதீர்கள். வந்தவன் ஐவர் என்றால் ஐவர் பெயரையே சொல்லுங்கள். பழைய பகையைத் தீர்க்க ஆறாவது பெயரைச் சேர்த்தால், அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு ஐவரும் வெளியே வருவார்கள். மாற்றாரின் வக்கீலுக்கு நாம் கொடுக்கும் ஆயுதம் அது. நீதி நோக்கிலும் அது பழி. ஆறாமவன் குற்றமற்றவன் அன்றோ!

1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதைக் கேட்டுக் களித்தவர்கள் உண்டு. நாம் களிக்கவில்லை. நீதிமன்றம் கேளாத சொல் அரிவாளாக மாறும் நாடு, ஏழை வாழத்தக்க நாடு அன்று. அரிவாள் வலியவன் கையிலும் இருக்கிறது. அதுவே வழக்கானால் முதலில் விழுவது நம் தலைதான். அரிவாளுக்கு வேலை கழனியில் இருக்கட்டும்.

சொல்லுக்கு வலிமை வேண்டும். காலில் சேற்றோடு கூண்டேறும் உழவனின் சொல்லும், காரில் வந்திறங்கும் செல்வனின் சொல்லும் ஒரே முறத்தில் புடைக்கப்பட வேண்டும். அதைக் கேட்கும் உரிமையை, பொய் கலவாத சாட்சியத்தால் நாம் ஈட்ட வேண்டும். இந்த வாரம் உங்கள் கிளைக் கூட்டத்தில் இதைப் படியுங்கள்; உங்கள் ஊரில் நடக்கும் வழக்கில் சாட்சி சொல்லக் காத்திருப்பவர் யார், அவர் வீட்டு நிலை என்ன என்று விசாரியுங்கள். வாய்தா நாளன்று அவரோடு பேருந்தில் ஏறுங்கள்!