தேடுவோர் இல்லை என்று சொல்லும் எண்கள்

சிறு ஊடகங்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றில் கலந்துகொண்டிருந்தேன். இணையத்தளத்துக்கு வாசகர்களை வரவழைப்பது எப்படி என்பதுதான் தலைப்பு. பயிற்றுநர் கூகுளின் ‘கீவேர்ட் பிளானர்’ கருவியைத் திரையில் திறந்து, நாங்கள் எழுத விரும்பும் விடயங்களைச் சொல்லச் சொன்னார். நான் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றேன். மிகச் சிறிய எண்ணொன்று வந்தது. “இதை யாரும் தேடுவதில்லை. வேறு ஏதாவது சொல்லுங்கள்” என்றார்.

அவர் யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை. ஆனாலும் மண்டபத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் உறவுகளின் தொடர் போராட்டம் ஆரம்பித்தது. பிள்ளைகளைத் தேடித் தேடியே இறந்துபோன பெற்றோர் பலர். அந்தத் தேடலும் திரையில் தெரிந்த ‘தேடலும்’ ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படியானால் அந்த எண் எதைத்தான் அளக்கிறது?

அந்தக் கருவி விளம்பரதாரர்களுக்காக உருவாக்கப்பட்டது. ஒரு சொல்லுக்கு விளம்பரம் வாங்கினால் எத்தனை பேரைச் சென்றடையலாம் என்ற கேள்விக்கே அது பதில் சொல்கிறது. விளம்பரத்துக்குப் பணம் செலவிடாத கணக்குகளுக்கு 10–100, 100–1,000 என்று அகலமான மதிப்பீடுகளையே பெரும்பாலும் காட்டும். முன்னால் தெரியும் எண் வழக்கமாக 12 மாதங்களின் சராசரி. ஒரு சொல் மே மாதத்தில் மட்டும் 1,200 தடவை தேடப்பட்டு, மற்றைய 11 மாதங்களில் தேடப்படாவிட்டால் சராசரி 100 என்றே வரும். மே 18ஐயும் நவம்பர் 27ஐயும் சுற்றி நினைவுகள் திரளும் எங்கள் சமூகத்தை அந்தச் சராசரியால் காட்ட முடியாது.

நாடு என்ற இடத்தில் ‘இலங்கை’ என்று தெரிவுசெய்தால் டொரொன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் தேடுபவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ‘முள்ளிவாய்க்கால்’ என்பதைச் சிலர் தமிழில் தட்டச்சு செய்கிறார்கள், சிலர் ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். ஒரே தேவை பல சிறிய எண்களாகச் சிதறிவிடுகிறது.

இணையத்தளத்தின் வருகைப் பதிவுகளைத் திறந்தால் வேறொரு கதை தெரியும். எங்களிடம் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய கட்டுரைகளுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் கூகுளில் தேடி வந்தவர்களல்ல. வட்ஸ்அப்பிலோ வைபரிலோ உறவினர் அனுப்பிய இணைப்பைத் தொட்டு வந்தவர்கள். அந்தச் செயலிகள் வாசகர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பெரும்பாலும் தெரிவிப்பதில்லை என்பதால் அவர்கள் ‘நேரடி வருகை’ என்று பதிவாகிறார்கள். மகள் தன் கைபேசியில் திறந்து தாய்க்கு வாசித்துக் காட்டினால் கணக்கில் ஒருவர்தான். திரைப்பிடிப்பாகப் பகிரப்படும் பக்கத்துக்குக் கணக்கே இல்லை.

அச்சமும் ஒரு காரணம். முகநூல் பதிவுகளுக்காகவே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுகள் நடந்த நாடு இது. சில சொற்களைத் தன் கைபேசியில் தட்டச்சு செய்யவே தயங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் மௌனத்தை ஆர்வமின்மை என்று கொள்ள முடியாது.

மறுபக்கமும் உண்டு. ‘இன்றைய தங்க விலை’ போன்ற தேடல்களுக்குப் பெரிய எண் வரலாம். அதற்காக வாசகர் எங்களிடம் வருவார் என்றில்லை. விடை கூகுளின் பக்கத்திலேயே கிடைத்தால் அவர் எந்தத் தளத்தையும் திறக்காமல் போய்விடுவார். வருகை எண்ணும் முழு உண்மையல்ல. அதில் தானியங்கி நிரல்களும் இருக்கலாம், தலைப்பைப் பார்த்துவிட்டு உடனே மூடியவர்களும் இருப்பார்கள்.

ஆகவே இந்தக் கருவிகளைத் தூக்கியெறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. எதை எழுதுவது என்பதையும் எந்தச் சொல்லால் எழுதுவது என்பதையும் அவற்றிடம் ஒப்படைக்கக் கூடாது என்கிறேன். ‘காணாமல்போனோர்’ என்றும் தேடுகிறார்கள், ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றும் தேடுகிறார்கள். கருவிக்கு இரண்டும் வெறும் எண்கள். தன் கையால் பிள்ளையை இராணுவத்திடம் ஒப்படைத்த தாய்க்கு இரண்டும் ஒன்றல்ல. முதலாவது சொல்லில் செய்தவர் எவரும் இல்லை. அதிகம் தேடப்படும் சொல்லையே எழுதுங்கள் என்ற ஆலோசனையைக் கண்மூடிப் பின்பற்றினால், பல வருடங்களாகப் போராடி நிலைநிறுத்திய ஒரு சொல்லை நாங்களே கைவிட்டவர்களாவோம்.

செய்யக்கூடியவை சில உண்டு. மதிப்பீட்டை விட, எங்கள் தளத்துக்கே உரிய ‘சேர்ச் கொன்சோல்’ பதிவுகளைப் பார்க்கலாம். எந்தச் சொல்லைத் தேடியவர்கள் உண்மையில் எங்களிடம் வந்தார்கள் என்பது அதில் தெரியும், மிக அரிதான தேடல்களை மட்டும் அது மறைத்துவிடும். சராசரியை விட்டு மாதவாரியாகப் பார்க்கலாம். இன்னொன்று மிக முக்கியம். போர்க்காலத்தில் வெளிவந்த எங்கள் செய்திகளில் ஏராளமானவை பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள். ஓர் ஊரின் பெயரை யூனிகோட்டில் தேடுபவருக்கு அந்த ஊரைப் பற்றிய பழைய செய்தி அகப்படாது. இரண்டு மூன்று தடவை தேடியும் கிடைக்காதவர் பிறகு தேடமாட்டார். அதன் பின் கருவி, ‘தேடுவோர் இல்லை’ என்று காட்டும்.

பழைய பக்கங்களை யூனிகோட்டுக்கு மாற்றும் வேலையை நாங்கள் ஆரம்பித்திருக்கிறோம். அதற்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எந்தக் கருவியிடமும் கேட்கவில்லை.